இல்லாத ஆட்டை ஓட்டிப் போனவன்

பாலக்காட்டுப் பக்கம்
3 நவம்பர் 2024

பெத்தம்மாளுக்கு,

மாடக்கண்ணு எழுதுவது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

போன வாரம் இந்த மனநல இல்லத்தில் வேலை பார்க்கிற சுதாராணி மேடம் உன் நம்பருக்குப் போன் போட்டார்கள். மாடக்கண்ணு என்று ஒருத்தர் இங்கே இருக்கிறார், உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டார்கள். நீ ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நம் வீட்டு மிக்சி ஓடியது, அது ஓடும்போது இடையில் ஒரு இரைச்சல் வருமே, அதுவும் கேட்டது. "வேற நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று மேடம் கேட்டார்கள். இல்லை என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம்.

உனக்குக் கோபம் இருக்கும். நியாயம்தான். நடந்ததை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

கடம்பூர்ப் பக்கம் ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போட்டிருந்தோம். சோளம் அறுத்த காட்டில் கோடை மழைக்குக் கட்டை துளிர்த்திருந்தது. அந்தக் குருத்தை ஆடு கடித்தால் விஷம் என்று நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காய்ச்சலோடு ராத்திரிக் காவல் இருந்துவிட்டு, பகலில் உடைமரத்தடியில் கண் அசந்துவிட்டேன். ஆடுகள் தன்போக்கில் அந்தக் காட்டுக்குள் போய்விட்டன. முழித்துப் பார்க்கையில் வயிறு உப்பிக் கிடந்தன. அதற்குப் பிறகு நான் எழுந்து நடந்தேன்.

எனக்கு முன்னால் ஆடுகள் போய்க்கொண்டிருந்தன, பெத்தம்மா. செவலை, கருமறை, காது கிழிந்தது, எல்லாம். அவை போன வழியில் நான் போனேன். தண்ணீர் கண்ட இடத்தில் நின்றன, நானும் நின்றேன். லாரி வந்தால் கம்பை நீட்டி ஓரமாக ஒதுக்கினேன். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டியிருக்கிறேன் போல. ஆனி மாத மழையில் போலீஸ்காரர்கள் என்னை நிறுத்தினார்கள். "யோவ், எதை ஓட்டிக்கிட்டுப் போறே?" என்று ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் கேட்டார். அப்போதுதான் முன்னால் பார்த்தேன். ரோடு வெறுமனே கிடந்தது.

கோர்ட்டில் ஒரு இங்கிலீஷ் சொல்லை எழுதி என்னை இங்கே அனுப்பினார்கள். வாண்டரிங். என் கட்டில் தலைமாட்டு அட்டையில் அதுதான் இருக்கிறது. என் ஊர் அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதனால் ஊர் என்று போட்ட இடத்திலும் அதையே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கோர்ட் உத்தரவில் வந்தவனைத் தனியாக விட மாட்டார்களாம். குடும்பத்தில் ஒருவர் ஆதாரோடு வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். இங்கே சோறு போடுகிறார்கள், யாரும் அடிக்கவில்லை. ஆனால் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெட்டவெளியில் படுத்தவன் நான். கேட்டைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது.

வந்து கூட்டிக்கொண்டு போ.

மாடக்கண்ணு

*

21 நவம்பர் 2024

இசக்கிசெல்வி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் வாசலில் வைத்து, "என்னம்மா, கேரளாவுல யாரு?" என்று கேட்டார். சீட்டுக் கம்பெனி விளம்பரம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். என்னோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற மாடத்தி விலாசம் கீழே எழுதியிருக்கிறேன், அவளுக்கு அனுப்புங்கள். அவள் வாய் திறக்க மாட்டாள்.

ஆமாம், ராங் நம்பர் என்றேன். குளத்தூரிலிருந்து இசக்கியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பிக்குப் பிறகு சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தி மனநல இல்லத்திலிருந்து பேசுகிறேன் என்றால் நான் என்ன சொல்ல? உயிரோடு இருக்கிறார் என்று காதால் கேட்டும், வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். அன்றைக்கு அரைத்த சட்னியில் உப்பே போடவில்லை.

நீங்கள் எழுதியதெல்லாம் படித்தேன். ஆடு செத்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். ஊரே வந்து நின்றது. ஜேசிபி வைத்துக் குழி வெட்டினார்கள். ஆடு போனால் ஆடு வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருத்தர்கூட உங்களைக் குறை சொல்லவில்லை. நான் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். கிணறு கிணறாகத் தேடினோம். தண்டவாளம் தேடினோம். செத்த ஆட்டுக்குப் பின்னால் போகத் தெரிந்தது, உயிரோடு இருந்த எங்களை நினைக்கத் தெரியவில்லையா? உங்களுக்கு முன்னால் ஆடு போயிற்றாம். நானும் பிள்ளையும் பின்னால் நின்றோமே, ஒரு தடவை திரும்பிப் பார்க்கக் கூடாதா?

தேடி ஓய்ந்த பிறகு, உங்களிடமிருந்து போன் வந்ததாக ஊரில் நான் சொல்லி வைத்திருப்பது இதுதான். நீங்கள் விருதுநகர் தாண்டி ஒரு பெரிய கிடைக்குச் சம்பளத்துக்குப் போயிருக்கிறீர்கள். ஆடு இல்லாத நம் ஆட்கள் அப்படிப் போவது வழக்கம்தானே. மாசக்கணக்கில் வராவிட்டாலும் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். "கிடையில இருக்காவ" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது வர முடியாது. குளத்தூர்ப் பையன் பேர் வேல்ராஜ். உப்பளத்தில் லாரி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. அவனுக்கும் இவளைப் பிடித்துவிட்டது. பெண்ணைப் பெற்றவன் பைத்திய ஆஸ்பத்திரியில் என்று தெரிந்தால் அந்த வாசலோடு எல்லா வாசலும் அடைபடும். ரத்தத்தில் இருக்குமோ என்பார்கள். தை பிறக்கட்டும். நிச்சயம் முடியட்டும். வருகிறேன்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

பெத்தம்மாள்

*

15 டிசம்பர் 2024

பெத்தம்மாளுக்கு,

இசக்கிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாய் என்று படித்தேன். சந்தோசம்தான். சொல்ல ஆள் இல்லை.

ஒருத்தர் இருக்கிறார் என்று வை. பக்கத்துக் கட்டில் ஜெயகிருஷ்ணன் சார், நாகர்கோவில்காரர், இங்கிலீஷ் டியூசன் எடுத்தவர். அவர் அட்டையிலும் அதே வாண்டரிங்தான். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் சார் என்று கேட்டேன். மனுசன் பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டார். மந்தையை விட்டு ஆடு தன்போக்கில் போனால் அதற்கும் அந்தச் சொல்தானாம். ஆறு நேராகப் போகாமல் வளைந்து போனாலும் அதுவாம். பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும், பாடம் நடக்கையில் பையன் ஜன்னலைப் பார்த்தாலும், காய்ச்சலில் புத்தி தடுமாறினாலும், கட்டினவளை விட்டு ஒருத்தன் கண் வேறு பக்கம் போனாலும் அதுதானாம். வெள்ளைக்காரன் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வேடிக்கை பார்க்கப் போனால் அதற்கும் அதே சொல்லைப் பெருமையாகப் போட்டுக்கொள்வானாம்.

"அப்ப அவனையும் பிடிச்சுப் பூட்டுவாவளா சார்?" என்று கேட்டேன்.

"அவன் பையில திரும்பிப் போற டிக்கெட் இருக்குமே, கண்ணு" என்றார்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான். நம் பிழைப்பே நடப்பதுதானே. எட்டயபுரத்திலிருந்து தென்காசி வயல் வரைக்கும் நடந்து போய்க் கிடை போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் என்னை நிறுத்தவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். டாக்டரிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்க போறோம்னு உங்களுக்குத் தெரியும். இப்பத் தெரியலை. அதான் வித்தியாசம்" என்றார். நல்ல மனுசன்.

மாத்திரை போட்ட பிறகு ஆடுகள் வருவதில்லை. அதற்குச் சந்தோசப்பட வேண்டும் என்கிறார்கள். ராத்திரியில் செவலையாவது ஒரு தடவை வந்து நிற்காதா என்று இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே, என்னை விடுகிற நாளைத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்று. வருசம் முடிந்தும் யாரும் வராதவர்களை வடக்கே ஒரு பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே தமிழ் பேச ஆள் கிடையாதாம். போனவர்கள் திரும்பியதில்லையாம். ஜெயகிருஷ்ணன் சாருக்குத் தை மாசம் கெடு. எனக்கு வருகிற ஆனியில். அவர் மகனுக்கு எழுதிய கடிதமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. நீ பதிலாவது எழுதினாய். அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கெஞ்சிக் கேட்கிறேன், பெத்தம்மா. நிச்சயம் முடிந்ததும் வந்துவிடு. நான் வீட்டுக்குள்கூட வரவில்லை. ஏதாவது ஒரு கிடையில் கொண்டுபோய் விட்டுவிடு, போதும். நீ சொன்ன பொய்யும் மெய்யாகிவிடும்.

மாடக்கண்ணு

*

3 பிப்ரவரி 2025

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

தை பிறந்ததும் குளத்தூரில் நிச்சயம் பேசப் போனோம். நான், என் தம்பி செல்லத்துரை, இன்னும் நாலு பேர். அவர்களும் ஒரு காலத்தில் ஆடு வைத்திருந்தவர்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டார். "கிடையில இருக்காவன்னு சொல்லுதிய, சரி. மக நிச்சயத்துக்கு ஒரு நா மாத்தாள்கிட்ட விட்டுட்டு வரலாம்லா? நானும் கிடையில கெடந்தவந்தான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு ராவோட ராவா நடந்து வந்தேன்."

வேறு யாரிடம் சொன்னாலும் நின்றிருக்கும் அந்தப் பொய். கிடை தெரிந்தவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அவிய இருக்காவளா, இல்ல எங்கயும் ஓடிப் போயிட்டாவளா? மறைக்காமச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அப்போது செல்லத்துரை எழுந்து, "அத்தான் இல்ல. கிடையில இடி விழுந்து போயிட்டாவ. நான்தான் போயி அங்கனயே அடக்கம் பண்ணுனேன். பிள்ளை மனசு உடைஞ்சிரும்னு அக்கா மறைச்சு வச்சிருந்தா" என்று சொல்லிவிட்டான்.

அவன் வாயை நான் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. அந்த அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலே சாய்ந்து நான் அழுதேன். அது நடிப்பில்லை.

சாயந்திரத்துக்குள் ஊருக்குப் போன் போய்விட்டது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம், எட்டயபுரம் விலக்கில் உங்கள் போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ. வீட்டு வாசலில் பெண்டுகள் வட்டம் போட்டு உட்கார்ந்து ஒப்பாரி. என்னை நடுவில் இழுத்து உட்காரவைத்தார்கள். இசக்கி கூரையைப் பார்த்தபடி ஒரு மூலையில் கிடந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னென்ன செய்வார்களோ எல்லாம் செய்தார்கள். அதை எழுத என்னால் ஆகாது.

வருசத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று சொல்லி வைகாசியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு உங்கள் சார் என்னென்னவோ அர்த்தம் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். நம்மிடமும் இருக்கிறது. திரிகிறான், அலைகிறான், சுற்றுகிறான், பரதேசி, நாடோடி, காலில் சக்கரம் கட்டினவன். எல்லாம் ஆம்பிளைக்குத்தான் போலிருக்கிறது. வீட்டுக்குள் இருந்த இடத்திலேயே இப்படி வழி தவறிப் போனவளுக்கு ஒரு சொல் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

பெத்தம்மாள்

*

16 பிப்ரவரி 2025

பெத்தம்மாளுக்கு,

செத்தவன் எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. சுதாராணி மேடம் பயந்துபோய் மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டரைக் கேட்டார்கள். என் ஊரில் எனக்குப் பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள் மேடம் என்று சொன்னால் எனக்கு மறுபடி முற்றிவிட்டது என்றுதானே எழுதுவார்கள். அதனால் வயிற்றுவலி என்று சொன்னேன்.

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. செல்லத்துரை கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது. உன் மேலும்தான். இல்லாத ஆட்டை நான் ஓட்டிக்கொண்டு போனேன், என்னைப் பூட்டினார்கள். இருக்கிற ஆளை நீங்கள் எல்லோரும் சேர்ந்து புதைத்திருக்கிறீர்கள், உங்களைப் பூட்ட யாரும் இல்லை. இப்படி எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

தாலியைக் கழற்றினார்களா? நீ எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே தெரிகிறது. அந்த நேரத்தில் நான் இங்கே வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்திருப்பேன். உன் கழுத்து இப்போது எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

ஜெயகிருஷ்ணன் சாரைப் போன வியாழக்கிழமை வண்டியில் ஏற்றினார்கள். அவர் சண்டை போடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். "என் மகன் வந்தா, அப்பா ஊர் பார்க்கப் போயிருக்கார்னு சொல்லு" என்றார். உன் கேள்வியை அவரிடம் முந்தின நாளே கேட்டிருந்தேன். அவர், "இல்லப்பா, அதுக்கு எந்த பாஷையிலயும் சொல் கிடையாது. வீட்டுல இருக்கிறவங்களை யாரு கணக்கெடுக்கா?" என்றார். அவர் கட்டிலில் இன்னும் ஆள் வரவில்லை. மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

கல்யாணத்தை நல்லபடியாக நடத்து. நான் எதுவும் கேட்கவில்லை. மேடைக்கு நீ போக முடியாது, பின்னால்தான் நிற்கவைப்பார்கள், தெரியும். கிடைத்த இடத்திலிருந்து நன்றாகப் பார். எனக்கும் சேர்த்துப் பார்.

மாடக்கண்ணு

*

8 ஜூன் 2025

இசக்கிசெல்வி அப்பாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. குளத்தூரில் மண்டபத்தில் வைத்து. கடம்பூர் போளி போட்டார்கள், பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கின. சாப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டு மேடையில் ஒரு ஓரமாக வைத்திருந்தார்கள். நான் சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நம் இசக்கி தாலி ஏறுகிற நேரம் கூட்டத்தில் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். என்னைக் காணாமல் உங்கள் போட்டோவைப் பார்த்தாள். இத்தனை நாளும் கல்லாக இருந்தவள் அங்கேயே உடைந்துபோனேன்.

நீங்கள் கேட்டீர்களே, ஆமாம், கழற்றினார்கள். வெயிலம்மாள் மதினிதான் கழற்றினாள். பாலில் போட்டார்கள். எல்லோரும் போன பிறகு கழுவித் துடைத்து எடுத்துவைத்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது.

இனிமேல் என்னால் முடியாது. பிள்ளையை அனுப்பியாயிற்று. வீட்டில் நான் ஒருத்தி. உங்கள் போட்டோவுக்கு நானே விளக்கு ஏற்றுகிறேன். உயிரோடு இருக்கிற மனுசனுக்கு விளக்கு ஏற்றிவிட்டு எப்படிச் சோறு இறங்கும்?

நான் யோசித்து வைத்திருக்கிறேன். இந்த ஊர் வேண்டாம். உங்களைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கமோ தாராபுரம் பக்கமோ போய்விடலாம். அங்கே கிடைக்கு ஆள் தேடுகிறார்களாம், புருசன் பெண்சாதியாகப் போனால் உடனே எடுத்துக்கொள்வார்களாம். ஆடு ஓட்டுகிறவனிடம் யாரும் எந்த ஊர் என்று ரெண்டு தடவை கேட்பதில்லை. ஊரில் மகள் வீட்டுக்கு, அங்கே இங்கே என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொரு பொய் பெரிசா?

ஆனி கெடு முடிவதற்குள் வருகிறேன். ஆதார் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை ஒன்றும் கொண்டுவருகிறேன், அதில் உங்கள் பேருக்கு முன்னால் போட்டிருப்பதைப் பார்த்து வருத்தப்படாதீர்கள்.

பெத்தம்மாள்

*

17 ஜூன் 2025

பெத்தம்மாளுக்கு,

வர வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எத்தனையோ தடவை கேட் வரைக்கும் போய்ப் போய் வந்தேன். நீயும் நானும் தாராபுரத்துக் காட்டில் கிடை போட்டுப் படுத்திருப்பது மாதிரி நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு ஆசை வந்தது. அதற்குப் பிறகு இசக்கியை நினைத்தேன்.

ஆட்டுக்காரன் நடக்கிற வழி எல்லாம் ஒன்றோடு ஒன்று சேருகிற வழி. என்னைத் தெரிந்த ஒருவன் என்றைக்காவது ஒரு சந்தையில் பார்ப்பான். "மாடக்கண்ணு அண்ணாச்சி உயிரோட இருக்காவ" என்று ஒரு போன் போனால் போதும். குளத்தூரில் என்ன நடக்கும்? தாய் ஏமாற்றுக்காரி, தகப்பன் பைத்தியம் என்று பிள்ளையைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விடுவார்கள். கல்யாணமாகி இன்னும் மஞ்சள் காயவில்லை. ஒரு தடவை கண் அசந்து என் ஆட்டையெல்லாம் சாகக் கொடுத்தேன். இந்தப் பிள்ளை விசயத்தில் கண் அசர மாட்டேன்.

நான் செத்தவனாகவே இருந்துவிடுகிறேன். வடக்கே போகிறேன். ஜெயகிருஷ்ணன் சார் அங்கே இருப்பார், பேச்சுத் துணைக்கு ஆச்சு. நீ மீறி வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதனால் வராதே. இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

அழாதே. ஒரு தடவை அழுது முடித்தாயிற்றே.

மாடக்கண்ணு

*

26 ஜூன் 2025
இல்லத்துக்கு எதிர்த்த டீக்கடை

உங்களுக்கு,

இதை சுதாராணி மேடத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் அவர்கள் கையிலிருந்து வாங்கி, முழுவதும் படிக்க வேண்டும்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, குளித்து, எடுத்துவைத்திருந்த தாலியைக் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். உங்களைக் கூட்டிவந்தார்கள். மெலிந்து, மொட்டை அடித்து, நீலச் சட்டையில். "இவங்க யாருன்னு தெரியுதா?" என்று மேடம் கேட்டார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். கழுத்தைப் பார்த்தீர்கள். "இந்தம்மாவ நான் பாத்ததே இல்ல" என்றீர்கள்.

குரல்கூட நடுங்கவில்லை. நான் கத்தினேன். ஆதாரைக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினேன், அதில் உங்கள் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருக்கிறது, அதைப் பார்த்து அந்தப் பெரிய டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். போகும்போது உங்கள் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார்கள்.

அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராங் நம்பர் என்று சொன்னவள் நான்தான் என்றும் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "அவராத் தெரியும்னு சொன்னாத்தான் அனுப்ப முடியும்மா. தெரியலைன்னு சொன்னா ஞாபகம் திரும்பலைன்னுதான் எழுதணும். அந்த பழைய வார்த்தையையே மறுபடி போடுவாங்க. சனிக்கிழமை வண்டி வருது" என்றார்கள். குணமான மனுசனுக்கு நீங்களே அந்த நோயை எழுதிக்கொடுக்கிறீர்கள்.

வெளியே வந்து இந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இசக்கிக்குப் போன் போட்டேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு செத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள். "எம்மா, என் வாழ்க்கைக்காகன்னு சொல்லுதியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? என்னக் கேட்டா எங்கப்பாவப் புதைச்சிய?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதிவையுங்கள். நானும் அவளைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ரெண்டு பேரும் அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு மாறி மாறி உங்களைக் கொன்றிருக்கிறோம்.

இன்றைக்குச் சாயந்திரம் அவளே போன் போட்டாள். வேல்ராஜிடம் சொல்லிவிட்டாளாம். அவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். மாமனார் வாசலில் நின்று, "போனா இந்த வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது" என்றாராம். சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். தூத்துக்குடியில் பஸ் ஏறிவிட்டேன் என்று இப்போது மெசேஜ் வந்திருக்கிறது. அவள் வாழ்க்கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

விடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். மேடம் அனுமதி வாங்கித் தந்திருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் அதே அறையில் உங்களுக்கு எதிரே இசக்கிசெல்வி வந்து உட்காருவாள். அவளையும் பார்த்ததில்லை என்று உங்கள் வாய் சொல்கிறதா, பார்க்கிறேன்.

பெத்தம்மாள்